ஏழாவது மாடிக்கு எழுந்தருளிய லிஃப்ட்

ஜூலை 6, வியாழன்

எங்கள் பிளாக்கின் லிஃப்டைக் கொன்றவர் சங்கத் தலைவர் தணிகாசலம். கோபத்தில் எழுதவில்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று எழுதுவது போலத்தான் இதையும் எழுதுகிறேன்.

சங்குமுத்து நகர், சி பிளாக், ஏழு மாடி. ஏழாவது மாடியில் நானும் அம்மாவும். அம்மாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வராந்தா. அதற்கு மேல் அவளுக்கு ஊர் கிடையாது. தரை என்று ஒன்று கீழே இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து நம்பிக்கொள்கிறாள். மீன்காரம்மா வந்தால் கயிற்றில் கூடையை இறக்கி வாங்குகிறாள். லிஃப்ட் அதற்கும் முன்னாலேயே ஒரு புயலில் செத்துவிட்டது.

மாதக்கணக்காக நான் கத்தியதில் இன்று ஒரு மெக்கானிக் வந்து புது மோட்டார் மாட்டினான். நேரடியாகக் கரண்ட் கொடுத்தபோது மோட்டார் சுற்றியது. பட்டனை அழுத்தினால் லிஃப்ட் அசையவில்லை.

"மோட்டார் மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன். பட்டன் என் வேலை இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை.

மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. மெயின் சுவிட்ச் அதற்குள். சாவி தணிகாசலத்திடம். வேறென்ன நிரூபணம் வேண்டும்? அவருக்கு வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் ஓடினால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டால் பகல் தூக்கம் கெட்டுப்போகும்.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். செல்ஃபோன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன். நாட்டுக்கு என்னால் ஆன உபயோகம் இவ்வளவுதான் என்று நாடே முடிவு செய்துவிட்டது.

வந்ததும் பாத்திரம் தேய்த்தேன். அம்மா வாளை மீனைக் கீறி உப்பு தடவி, எங்கள் மாடி லிஃப்டின் மடக்குக் கதவில் ஒரு கம்பியைச் சொருகி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறாள். காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம். ஓடாத லிஃப்டின் கதவு கருவாடு காயவாவது உதவட்டும். நியாயம்தான்.

ஜூலை 7, வெள்ளி

கடையிலிருந்து வந்தால் வீட்டில் நாலாவது மாடி ஆரோக்கியமேரி அக்கா, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா முகத்தில் ஒரு களை.

"லிஃப்ட்டு வந்துச்சுடி" என்றாள் அம்மா.

"எங்க?"

"இங்கதான். மேரி மொட்ட மாடில துணி காயப் போட வந்தா. பேசினு இருந்தோம். கால் வலிச்சுது, செவுத்துல சாஞ்சேன். கீழ்ருந்து உர்ருன்னு ஒரு சத்தம். வந்து நின்னுச்சு."

"பட்டன் மேல சாஞ்சியா?"

"செவுத்துல சாஞ்சேன்."

"செவுத்துல எங்க?"

"பட்டன் கீற எடத்துல."

மேரி அக்கா குறுக்கே வந்தாள். "உள்ள ஆளே இல்ல வெண்மணி. வெறும் வெளிச்சம். அப்படியே ஒரு வெளிச்சம்."

"அக்கா, அது பல்பு."

"பல்புதான். ஆனா எத்தன வருஷமா எரியாத பல்பு, அதச் சொல்லு."

நான் போய் அழுத்திப் பார்த்தேன். வந்தது. கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே பான்பராக் நாற்றம். அற்புதத்துக்கு என்று ஒரு வாசனை இருந்தால் அது இதுதான் போல.

இன்று வெள்ளி என்பதால் கருவாடு இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அம்மா மீனைத் தொட மாட்டாள், காய்வதைக்கூடக் கம்பியோடு உருவி உள்ளே மறைத்துவிடுவாள். அப்பா நாத்திகர். அவர் உயிரோடு இருந்தவரை அந்த இரண்டு நாளும் "இன்னிக்கு மீன் நல்லால்ல" என்று சொல்லியே சமாளித்தவள்.

ஜூலை 8, சனி

லிஃப்ட் ஓடவில்லை. தணிகாசலம்.

ஜூலை 9, ஞாயிறு

எனக்கு விடுமுறை. விஞ்ஞான முறைப்படி சோதனை செய்தேன். இந்த மாதிரி பழைய லிஃப்டில் எல்லா மாடியிலும் மடக்குக் கதவு முழுக்கச் சாத்தியிருந்தால்தான் கரண்ட் போகும். ஒவ்வொரு மாடியாக இறங்கிக் கதவை இழுத்துப் பார்த்தேன். ஏழும் சரி. கீழே போய் அழுத்தினேன். ஓடியது. ஆக, கதவில் கோளாறு இல்லை, பட்டனில் கோளாறு இல்லை, மோட்டாரில் கோளாறு இல்லை. மீதி இருப்பது தணிகாசலம் மட்டுமே.

லிஃப்டிலேயே ஏழாவது மாடிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். "வா, கீழ போய்ட்டு வரலாம். டீ குடிக்கலாம்."

"மாவு பொங்கினு கீது."

"மாவ நான் பாத்துக்கறேன்."

"நீ மாவப் பாத்துக்கினா நான் யார்கூட டீ குடிக்கறது?"

இந்த மாதிரி தர்க்கம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் கருவாடு கூடாது என்பது என் சட்டம். வாரத்தில் ஒரு நாளாவது நான் மூச்சு விட வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

நேற்று ஓடவில்லை. இன்று ஓடியது. தணிகாசலம் லிஃப்ட் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

"ஆத்தா ஏறிப் போறா பாப்பா. செவ்வா, வெள்ளி பாத்துதான் வரா. கணக்கு கரெக்டா கீது."

"ஞாயித்துக்கெழமயும் ஓடுச்சு தலைவரே."

அவர் சட்டையைத் தோள் மாற்றிப் போட்டார். "அன்னிக்குச் சும்மா காத்து வாங்கப் போயிருப்பா."

ஜூலை 14, வெள்ளி

மூன்றாவது மாடி கமாலுதீன் பாய் தொழுகை முடித்துவிட்டு வந்து, லிஃப்ட் தானாக மேலே போவதைப் பார்த்துவிட்டாராம். (தானாக அல்ல. ஆறாவது மாடியில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் கேட்பார் இல்லை.) தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"நீங்களுமா பாய்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. விண்ணேத்தம்ங்கறது எங்க மார்க்கத்துல ரொம்பப் பெரிய விஷயம். அதோட இத முடிச்சுப் போடக் கூடாது. எங்க ஊரு தர்காவுல பெரியவங்க செஞ்ச அற்புதத்தக் கராமத்துன்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி சின்னதா ஏதோ ஒண்ணு."

"சின்னதா ஏதோ ஒண்ணுன்னா?"

"பரக்கத்து, அருளு" என்றார். "அதுக்கு மேல என்னக் கேக்காதம்மா, எனக்கு அவ்வளவு படிப்பில்ல."

ஜூலை 16, ஞாயிறு

கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். லிஃப்டை யார் எப்போது பயன்படுத்துவது என்று பேசப்போகிறார்கள் என நம்பிப் போனேன். லிஃப்ட் யாருடையது என்று பேசினார்கள்.

"செவ்வா, வெள்ளி ரெண்டும் எங்களுது" என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ நாளு தலைவரே. நீங்க பாட்டுக்கு ரெண்டு நாள எடுத்துக்கிட்டா எப்படி?"

"நீங்கதான் கும்பிட மாட்டீங்களே பாய்."

"கும்பிட மாட்டேன். அத மொதல்ல எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. அல்லாவோட கருணையில ஓடுது, அதப் பாத்து சந்தோஷப்படறேன். அவ்வளவுதான்."

"சந்தோஷப்பட எவ்ளோ நேரம் ஆவும்?"

"தொழுதுட்டு வந்து ஒரு அர மணி நேரம்."

கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேரி அக்காவுக்கு. அவளுக்கு ஆகஸ்ட் பதினைந்தும் வேண்டுமாம், மாதா விண்ணேற்புத் திருநாள். "எங்க மாதா ஒடம்போட மேல போனவங்க. அவங்களுக்கு இல்லாத லிஃப்ட்டா?" என்று கேட்டாள். அன்று செவ்வாய் என்று தணிகாசலம் முனகினார். பிறகு ஆத்தாவும் மாதாவும் பெண்பிள்ளைகள், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று முடிவானது.

முதல் மாடி ரத்தினம் அண்ணன் பௌத்தத்துக்கு மாறியவர். கடைசியில் எழுந்தார். "புத்தர் தன் பிட்சுகள அற்புதம் காட்டக் கூடாதுன்னு தடுத்தாரு. அதனால எங்களுக்கு நாளெல்லாம் வேணாம்." உட்கார்ந்தார். மறுபடி பாதி எழுந்தார். "பௌர்ணமில ஓடுதான்னு மட்டும் யாராவது பாத்துச் சொல்லுங்க."

பொறுக்க முடியாமல் நான் எழுந்தேன். "பட்டன அமுக்கினா லிஃப்ட் வரணும். வந்துச்சு. இதுல அற்புதம் எங்க இருக்கு?"

தணிகாசலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம பிளாக்குல எத அமுக்கி எது வந்துக்கீது பாப்பா? கொழா தொறந்தா தண்ணி வருதா? சுவிட்ச் போட்டா மாடிப்படி லைட்டு எரியுதா? வந்தா, அது அற்புதம்தான்."

உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள்மேல் கோபம் இன்னும் கூடிவிட்டது.

தீர்மானம்: தெய்வம் ஏறும் வண்டியில் மனிதர் ஏறக் கூடாது. மேரி அக்கா, லிஃப்ட் அறுந்து விழும் என்ற பயத்தில் தலையாட்டினாள். பாய் சண்டை வேண்டாம் என்று தலையாட்டினார். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட வேண்டும். தரிசனம் ஏழாவது மாடியில், ஏனென்றால் லிஃப்ட் "வந்து சேர்வது" அங்கேதான்.

அதாவது, ஏழு மாடி படியேறி மூச்சு வாங்க வந்து நின்று, காலி லிஃப்ட் மேலே வருவதைப் பார்த்துவிட்டு, மறுபடி படியிறங்கிப் போவார்கள். இந்த மக்களுக்காகத்தான் என் அப்பா தெருமுனைக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசினார்.

ஜூலை 19, புதன்

லிஃப்ட் ஓடவில்லை. கீரை ஆய்ந்தபடி அம்மா கேட்டாள், "ஏன்டி, ஒரு நாளு ஓடுது, ஒரு நாளு ஓடல. எதனால கீது?"

சாவி தணிகாசலத்திடம் இருப்பதைச் சொன்னேன்.

"அத உடு. மிஷினு எதனால நிக்கும்?"

சந்தோஷமாக இருந்தது. டிப்ளமோ வாங்கி இத்தனை நாளில் என்னிடம் படிப்பு சம்பந்தமாக யாரும் எதுவும் கேட்டதில்லை. கதவின் ஓரத்தில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும், கதவை முழுக்கச் சாத்தினால் அது எதிரில் இருக்கும் தகட்டைத் தொடும், ஏழு மாடியிலும் தொட்டால்தான் கரண்ட் போகும், எந்த மாடியிலாவது விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால்கூட லிஃப்ட் நகராது என்று படம் போட்டு விளக்கினேன்.

"விரல் அளவா?"

"விரல் அளவு."

"ஓ" என்றாள். கீரைக்குத் திரும்பிவிட்டாள். இவ்வளவு ஆர்வத்தை அவளிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்தாவது மாடிப் பூனை ஒரு வாளையை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். அதை அரை மணி நேரம் திட்டினாள்.

ஜூலை 21, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கடைக்கு லீவு போட்டு வேவு பார்த்தேன். ஏழாவது மாடியில் நிற்க இடமில்லை. ஏ பிளாக், பி பிளாக்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வேப்பிலை, கூழ் அண்டா. மத்தியானம் கூழ் அண்டாவை நகர்த்திவிட்டுப் பாய் வீட்டு ரோஸ்மில்க். அரை மணி நேரம் முடிந்ததும் ரோஸ்மில்க்கை நகர்த்திவிட்டு மறுபடி கூழ். ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தாலாவது போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைக்கும் என்று பார்த்தேன்.

நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. முதன்முதலில் கண்டவள் என்ற மரியாதை. எல்லாரும் அவளிடம் வந்து உட்கார்ந்து மருமகள் கதை, மாமியார் கதை சொல்கிறார்கள். மூன்று வீட்டு நிச்சயதார்த்தம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேசிப் பேசிக் குரல் கட்டிவிட்டது.

"ரெண்டு வருஷமா இந்த மாடிக்கு யார் ஏறி வந்தா, சொல்லு" என்றாள் இரவுச் சாப்பாட்டில்.

"நான் தினம் ஏறி வரேனே."

"நீ தூங்க வர."

ஜூலை 26, புதன்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். ஆகஸ்ட் பதினாறு, புதன்கிழமை காலையில் வந்து சேர வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம், மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

அம்மா துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "மூணாவது மாடி ராணியம்மா இப்போ எங்க கீறா?"

"அவங்க செத்துட்டாங்களேம்மா."

"இடுப்புக்குன்னுதான் போனா."

"அவங்களுக்குச் சக்கர வியாதி."

"எனக்கும் இனிப்பு புடிக்கும்."

அதற்குள் கடை முதலாளியிடமிருந்து போன். எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள். பொறுக்கிய பருப்பில் கல் அப்படியே கிடந்தது.

பிரச்சினை இதுதான்: புதன்கிழமைகளில் லிஃப்ட் ஓடாது. தணிகாசலத்தை மடக்க வேண்டும்.

ஜூலை 27, வியாழன்

மடக்கினேன். லிஃப்ட் ஓடாத நாள் பார்த்து மோட்டார் அறைச் சாவியைக் கேட்டேன். மறுப்பார், சண்டை போடலாம் என்று தயாராகப் போனால், "இந்தா, பல்லி கீது, பாத்துப் போ" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். மேலே போய்ப் பார்த்தேன். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. பல்லியும் இருக்கிறது.

ஆக, அவரிடம் எங்கேயோ இரண்டாவது சுவிட்ச் ஒன்று இருக்கிறது. நான் நினைத்ததைவிடப் பெரிய ஆள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பௌர்ணமி. ஓடியது. ரத்தினம் அண்ணன் படியேறி வந்து, லிஃப்டைப் பார்த்து, "இதெல்லாம் நமக்குத் தேவையில்ல" என்று சொல்லி, ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது. மூச்சு வாங்கியதாலும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஒத்திகை பார்க்கலாம் என்று அம்மாவை லிஃப்ட் வரை நடத்திப் போனேன். மேரி அக்காவின் ஜெபக் குழு பாடிக்கொண்டிருந்தது.

"நகருங்கக்கா. எங்கம்மா ஏறணும்."

"தீர்மானம் போட்டது மறந்துட்டியா வெண்மணி?"

"இடுப்பு ஒடிஞ்ச பொம்பளைக்காகத்தான் லிஃப்ட் கேட்டு நாயா அலஞ்சேன். இப்ப லிஃப்ட் இருக்கு, பொம்பள இருக்கா, நடுவுல உங்க பாட்டு இருக்கு. உங்க சாமிக்குக் கால் வலிக்குதா, எங்கம்மாவுக்கா?"

மேரி அக்காவின் முகம் விழுந்துவிட்டது. இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் வழி விட்டிருப்பாள். அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து, "உடுடி, பாவம், ராகமாப் பாடறாங்க. கெடுக்காத" என்று வாக்கரைத் திருப்பிவிட்டாள். திரும்பும்போது இடுப்பு வலி அவ்வளவாக இருந்த மாதிரி தெரியவில்லை. நல்ல வேகம்.

ஆகஸ்ட் 9, புதன்

நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றேன். "நாலு பேரு தூக்கறதுக்கு இன்னும் நேரம் வர்ல" என்றாள் அம்மா. முந்தின நாள் செவ்வாயன்றே லிஃப்டில் இறங்கி அத்தை வீட்டில் தங்கலாம் என்றேன். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கெளம்புவாங்களா?" என்றாள். அப்படியென்றால் புதன்கிழமை லிஃப்டுக்கு நான் என்ன செய்வது என்றேன்.

"கடவுள் விட்ட வழி" என்றாள் என் அப்பாவின் மனைவி.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

காலையில் லிஃப்ட் முன்னால் தணிகாசலம் கொடியேற்றினார். பிறகு மேரி அக்கா மாதா சொரூபத்தை லிஃப்டுக்குள் வைத்து, பூச்சரம் போட்டு, கதவைச் சாத்தி, கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டி ஏழாம் பட்டனை அழுத்தினாள். மாதா மட்டும் தனியாக மேலே ஏறினார். கீழே எல்லாரும் கைதட்டிவிட்டு, அவர் வந்து சேர்வதைப் பார்க்கப் படிக்கட்டில் ஓடினார்கள். மாதா முதலில் வந்துவிட்டார். லிஃப்டுக்கு அது சகஜம் என்று யாரிடம் சொல்வேன்.

கூட்டம் கலையும்போது நான் தணிகாசலத்திடம் போனேன். கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை. "நாளைக்குக் காலைல எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலன்னா இனிமே நடக்க மாட்டாங்க. லிஃப்ட் வேணும்" என்றேன்.

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நம்ம தவமணிக்கா? இத மொதல்லயே தன்மையாச் சொல்றதுக்கு இன்னா பாப்பா?" என்றார். "தீர்மானத்த நான் பாத்துக்கறேன். ஆனா நாளைக்குப் புதன். வண்டி ஓடணுமே. எல்லாருமா சேந்து கேட்டுப் பாப்போம்."

பாய் வருவதாகச் சொன்னார். மேரி அக்கா விடியற்காலையிலேயே ஜெபமாலை ஆரம்பிப்பாளாம். ரத்தினம் அண்ணன், "நான் சும்மா கூட நிக்கறேன்" என்றார்.

எல்லாரும் அம்மாவிடம் வந்து தைரியம் சொன்னார்கள். அம்மா எல்லாருக்கும் தலையாட்டினாள். பை கட்டினேன். இரண்டு நைட்டி, ஒரு துண்டு, பல் செட்டு டப்பா. அம்மா ஜன்னலோரம் நின்று கூடையை இறக்கி ஏதோ வாங்கினாள். பால் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 16, புதன். ஆடி அமாவாசை

வராந்தாத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது காலை நீட்டி லிஃப்ட் கதவுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும், கீழே யாராவது அமுக்கினால் லிஃப்ட் போய்விடும். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசல் கேட்டுக்குள் நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தேன். அம்மா வெளுத்த சேலை கட்டி, பவுடர் போட்டு, வராந்தா நாற்காலியில் தயாராக இருந்தாள். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. அழுத்தினேன். அசையவில்லை.

கீழே ஆரம்பித்தார்கள். லிஃப்ட் குழி வழியாக எல்லாம் மேலே கேட்டது. தணிகாசலம் தேங்காய் உடைத்தார், பூசணிக்காய் உடைத்தார், பிறகு ஏதோ உடைந்தது, அது தேங்காய் அல்ல, "ஐயோ டியூப்லைட்டு" என்று ஒரு குரல். மேரி அக்கா குழு ஜெபமாலையின் ஐந்து காரணிக்கமும் சொல்லி முடித்தது. பாய் துஆ கேட்டார், சுத்தமான அழகான குரல், தவமணி என்று அம்மா பெயர் அதில் வந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் கீழிருந்து "அமுக்கு வெண்மணி" என்பார்கள். அமுக்குவேன். ஒன்றும் நடக்காது. "ரத்தினம், நீயும் எதுனா சொல்லுய்யா" என்றார் தணிகாசலம். "எல்லா உயிரும் நல்லாருக்கட்டும்" என்றார் ரத்தினம் அண்ணன். அமுக்கினேன். இல்லை.

நான் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். நானும் கேட்டேன். யாரிடம் என்று எழுத மாட்டேன்.

அப்போதுதான் ஐந்தாவது மாடிப் பூனை வந்தது. என் காலைச் சுற்றியது. ஒரே தாவு. கதவில் தொங்கிய வாளையைக் கவ்வி இழுக்க, சொருகியிருந்த கம்பியே உருவிக்கொண்டு எல்லா வாளையும் பொத்தென்று தரையில் விழுந்தது. கதவு விரல் அளவு நகர்ந்து சாத்திக்கொண்டது. டக்.

அமுக்கினேன். உர்ரென்று கிளம்பியது.

கீழே ஒரே அலறல். ஆத்தா என்றார்கள், அல்லேலூயா என்றார்கள், அல்லாஹு அக்பர் என்றார்கள், ரத்தினம் அண்ணன்கூட ஏதோ சத்தம் போட்டார். யாருடைய வேண்டுதல் பலித்தது என்று அங்கே இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

நான் தரையில் கிடந்த வாளையைப் பார்த்தேன். ஈரம் காயாத மீன். நேற்று கூடையில் ஏறியது பால் இல்லை, இதுதான். இன்று காலையில் கட்டியது. செவ்வாயும் வெள்ளியும் மீனைக் கண்ணால் பார்க்காதவள், ஆடி அமாவாசையன்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில், யார் தின்ன வாளை கட்டினாள்? செவ்வாய் கிடையாது, வெள்ளி கிடையாது, ஞாயிறு என் சட்டம். இந்த மூன்று நாளும்தான் லிஃப்ட். விரல் அளவா என்று கேட்டாள். படம் போட்டு விளக்கியவள் நான்.

ஜூலை ஆறாம் தேதி தணிகாசலத்தைப் பற்றி எழுதியதை அடிக்கலாமா என்று புரட்டிப் பார்த்தேன். இருக்கட்டும். அந்த ஆள் வேறு ஏதாவது செய்திருப்பார்.

லிஃப்ட் வந்து நின்றது, கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே நேற்றைய பூச்சரம், வேப்பிலை, ஒரு அத்தர் பாட்டில், உருகின மெழுகுவர்த்தி. காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தேன்.

"ஏறு" என்றேன்.

அம்மா பூனையைப் பார்த்தாள்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லக் கூடாதா? அதுக்கு எதுக்கு இத்தன சாமிய வேல வாங்கின?"

கீழிருந்து தணிகாசலம் கத்துகிறார். "தவமணி ஏறிட்டாளா பாப்பா?" ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். கடை முதலாளி போன் செய்தார். கட் செய்துவிட்டேன். மறுபடி செய்தார். அணைத்து வைத்துவிட்டேன். அம்மா அதைக் கவனித்தாள். வாக்கரின் மேல் அவள் கை இருக்கிறது. பிடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"ராணியம்மாவப் பத்தி ஏதோ சொல்ல வந்த. அன்னிக்கு நான் எழுந்து போய்ட்டேன். இப்போ சொல்லு, கேக்கறேன். இல்லன்னா ஏறு. ரெண்டுல ஒண்ணு செய்யும்மா."

பூனை இரண்டாவது வாளையை ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கால் மரத்துப்போகிறது. மறுபடியும் கேட்டிருக்கிறேன்: ஏறுறியா, சொல்றியா?